கோழிப் பண்ணையில் நாலு மாப்பிள்ளைகள்

1984 மார்ச் 12, திங்கள்

கிளினிக்கில் இன்று காது பார்க்கும் நாள். நாற்பத்திரண்டு பேர். நான் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து பேர் எழுதி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும், தெருவிலிருந்து ஒரு குரல்: "யூனிஸ்! ஏ யூனிஸ்! சிகரெட் இருக்கா?"

தலையைத் தூக்கினேன். மாப்பிள்ளை.

என் ஒரே மகள் லினெட்டைக் கட்டியவன், பட்டப்பகலில் குடித்துவிட்டு, நாற்பது பேர் பார்க்க என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அதுவும் என் முகத்துக்கு நேரே. நான் நோட்டைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டேன். ஐம்பத்தொரு வயதில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு! டாக்டரம்மா வெளியே வந்து, "யூனிஸ், பேனா விழுந்துடுச்சா?" என்று கேட்கிறார். என் மானம் விழுந்து கிடக்கிறது, இவருக்குப் பேனா.

மாமியாரை மாப்பிள்ளை பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. ஒரு கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது. பேரைச் சொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பாலைவனத்துப் பழங்குடி மக்கள் எங்களில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். குடிக்கு மட்டும்தான் தெரியாது. கல்யாணமான நாலு வருஷத்தில் என் நிழலைக் கண்டாலே பாதை மாறிப் போனவன் அவன். அவ்வளவு மரியாதை. இன்று சிகரெட் கேட்கிறான்!

அவனை ஆறு வாரத்துக்கென்று தெற்கே பெரிய ஊருக்குக் குடி நிறுத்த அனுப்பியிருந்தோம். ஒன்பதாம் நாள் பஸ் ஏறித் திரும்பி வந்திருக்கிறான்.

மார்ச் 13

டாக்டரம்மா லினெட்டிடம் சொன்னாராம்: இப்படியே குடித்தால் ஒரு வருஷம், அதற்கு மேல் ஈரல் தாங்காது. லினெட்டுக்கு இருபத்தாறு வயது.

மார்ச் 18, ஞாயிறு

தங்கச்சி டார்கஸ் கங்காரு வாலோடு வந்தாள். கொழுந்தன் வாலஸ் அந்த வால் வேகும் வாசனையோடு வந்தான். மூன்று பேரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தோம்.

மாப்பிள்ளை ஏன் ஓடி வந்தான் என்று நான் கேட்க முடியாது. வாலஸ் கேட்டிருக்கிறான். பதிலை அவன் குரலிலேயே நடித்துக் காட்டினான்: "அங்க எல்லாரையும் வட்டமா நாற்காலில உக்கார வெக்கிறாங்க மாமா. ஒருத்தர் கண்ண ஒருத்தர் பாத்துப் பேசணுமாம். எதுக்க ஒரு பொம்பள. அவ எனக்கு என்ன முறைன்னே தெரியாது. நான் தரையப் பாத்தேன். கூட்டம் நடத்துற ஆளு வந்து என் தாடையப் புடிச்சுத் தூக்குறான்! 'நீ எதையோ மறைக்கிற'ங்கிறான்."

"மறைக்கிறானாமா! மரியாதைக்குப் பேரு மறைக்கிறதா?" என்று டார்கஸ் குதித்தாள்.

"அவங்க முறைப்படி அவங்க செய்றாங்க. நம்ம முறைப்படி ஒண்ணு இல்லியே" என்றேன்.

அப்புறம் யாரோ, நாமே ஒன்று நடத்தினால் என்ன என்று சொன்னார்கள். டார்கஸ் சொன்னதாக எனக்கு ஞாபகம். நான் சொன்னதாக அவள் சாதிக்கிறாள். வால் முழுவதையும் தின்றுவிட்டு வாலஸ், "நான்தான் சொன்னேன், நீங்க ரெண்டு பேரும் எலும்பு கடிக்கிற சத்தத்துல கேக்கல" என்கிறான்.

ஆள் யார் இருக்கிறோம்? நான் குடியை விட்டு இரண்டரை வருஷம் — லினெட்டின் அப்பா போனதிலிருந்து. வாலஸ் விட்டு ஆறு வருஷம். டார்கஸ் குடித்ததே இல்லை. அவளுக்குப் பேச்சே போதை.

ஏப்ரல் 9, திங்கள்

அரசாங்க அலுவலகம். மிஸ்டர் பென்ரோஸ் என்று ஒருவர், ஒல்லி, கழுத்தெல்லாம் வெயிலில் வெந்து சிவந்திருக்கிறார். ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் கோழிப் பண்ணையைக் கேட்டோம். நல்ல கொட்டகை, கிணறு, சுற்றிலும் மரம். ஊர்க்காரர்கள் உட்கார்ந்து குடிக்கிற வறண்ட மணல் ஆற்றுக்கு அங்கிருந்து நடந்தால் அரை நாள். அதுதான் முக்கியம்.

"உங்களுக்கு இதுல அனுபவம் உண்டா?" என்றார்.

"குடிச்ச அனுபவமா, விட்ட அனுபவமா?" என்றான் வாலஸ்.

பென்ரோஸ் கொஞ்சம் யோசித்து, "ரெண்டையும் எழுதிக்கிறேன்" என்றார். மோசமான ஆள் இல்லை.

மூன்று மாதம் நடத்திக் காட்ட வேண்டும். பொறுப்பான ஒருவர் அங்கேயே தங்க வேண்டும். வாரம் ஒரு கூட்டம், எல்லோரும் பேச வேண்டும், ஒருநாள் அவர் வந்து பார்ப்பார். சரியில்லையென்றால் பூட்டு. படிவம் பன்னிரண்டு பக்கம். 'தங்கிச் சமைத்து மேற்பார்வை செய்பவர்' என்ற இடத்தில் என் பேரை எழுதி, வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். கர்வமாக இருந்தது. எழுதி வைக்கிறேன்: கர்வமாக இருந்தது.

ஏப்ரல் 29

மூன்று வாரமாகக் கோழி எச்சம் சுரண்டுகிறோம். தலைமுடியில் இறகு. டீயில் இறகு. வாலஸ் மூக்கைச் சிந்தினால் இறகு வருகிறது என்று டார்கஸ் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஊரும் பேர் வைத்துவிட்டது. "எங்க போற?" "கோழிக்குப் போறேன்." குடியை விடப் போகிறான் என்று அர்த்தமாம்.

மே 7, திங்கள்

திறந்தாயிற்று. ஒன்பது பேர் வந்தார்கள். ஐயோ, என்ன நாள் இது!

வாலஸ் டொயோட்டாவில் ஏற்றிக்கொண்டு வந்தான். நான் வாசலில் நல்ல கவுனில், கையில் பட்டியலோடு, ராணி மாதிரி நிற்கிறேன். வண்டியின் பின்கதவு திறந்தது. முதலில் இறங்கியவன் என்னைப் பார்த்தான், திரும்ப வண்டிக்குள் ஏறிவிட்டான். இரண்டாவது ஆள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடினான். மூன்றாமவன் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கிணற்றில் போய் முட்டினான்.

அப்போதுதான் உறைத்தது. மகளைக் கட்டியவன் மட்டுமா மாப்பிள்ளை? மகளைக் கட்டுகிற முறையில் பிறந்தவன் எல்லாம் மாப்பிள்ளைதான். ஊர் ஆம்பிளைகளில் பாதிக்குப் பாதி எனக்கு அந்த முறை! வந்த ஒன்பதில் நாலு மாப்பிள்ளைகள்.

மூன்று பேர் கூடி, பன்னிரண்டு பக்கம் எழுதி, மூன்று வாரம் எச்சம் சுரண்டி — ஒருவருக்கும் இது தோன்றவில்லை. படிவத்தில் உயரம் கேட்டான், எடை கேட்டான், மதம் கேட்டான். முறை கேட்கிற கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் நாங்களும் மறந்துபோனோம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. யானை நான்தான்.

நான் கொட்டகைக்கு வெளியே புகைகிற அடுப்பில் சமைத்து, சட்டியை வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். வாலஸ் பரிமாறினான். சிரித்துச் சிரித்துப் பாதியைக் கீழே கொட்டினான்.

மே 8

வாலஸ், மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்த காலத்துக் குதிரை மணி ஒன்றைக் கொண்டுவந்து என் இடுப்பில் கட்டிவிட்டான். நான் வருவது தெரியுமாம்.

மே 11

மணி அடித்தால் நாலு பேர் ஓடுகிறார்கள். நான் உப்பு எடுக்கப் போனால் ஓட்டம். விறகுக்குப் போனால் ஓட்டம். இன்று ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கட்டுப் போட டார்கஸ் போனாள், அவளுக்கும் அவன் மாப்பிள்ளைதானே! கண்ணை மூடிக்கொண்டு கட்டினாள். நல்ல காலில் கட்டிவிட்டாள்.

"விடுங்க மதினி, ஓடி ஓடியே போதை தெளிஞ்சிரும்" என்கிறான் வாலஸ். அவனுக்கென்ன! கூட்டம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேற்பார்வை செய்பவளும் பாதி ஆட்களும் ஒரே இடத்தில் இருக்கவே முடியாதென்றால் கூட்டம் எப்படி? பூட்டுப் போட்டுவிட்டுப் போவார் பென்ரோஸ். அப்புறம் லினெட் புருஷனை எங்கே கொண்டுபோவது? அவனுக்காகத்தானே இத்தனையும்? அவன் வந்தால் நான் எங்கே நிற்பது? ஒன்றும் புரியவில்லை. தலை வலிக்கிறது. இந்த மணி வேறு, திரும்பிப் படுத்தால் அடிக்கிறது.

மே 16

தகரம்! வாலஸுக்கு மூளை இருக்கிறது, டார்கஸிடம் சொல்லப் போவதில்லை.

கொட்டகையை நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்துப் பிரித்துவிட்டான். இந்தப் பக்கம் சமையல், நான், தனிக் கதவு. அந்தப் பக்கம் ஆண்கள், அவர்களுக்கு ஒரு கதவு. கீழே தட்டு நகர்த்துகிற அளவு இடைவெளி. ஒரே கூரைதானே என்று எனக்குப் பயம். முறையெல்லாம் கட்டிக் காக்கிற மூத்த பெண்கள் நாலு பேரைக் கூட்டி வந்து காட்டினோம். தட்டிப் பார்த்தார்கள், குனிந்து பார்த்தார்கள். இரண்டு கூரை என்று வைத்துக்கொள்ளலாம், கூரையை நடுவில் வெட்டி மழைநீர் வடிய ஒரு தகர வாய்க்கால் வைத்துவிடு என்றார்கள் வாலஸிடம்.

"இங்கருந்து நான் பேசினா?" என்று கேட்டேன்.

"யார்கிட்ட பேசுவ?"

"தகரத்துகிட்ட."

ஒருத்தி ரொம்ப நேரம் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "பேசிக்கோ. தகரத்துக்கு ஏது முறை?"

மணியைக் கழற்றி எறிந்தேன்.

மே 24, வியாழன்

லினெட் அவனைக் கொண்டுவந்து விட்டாள். நான் இந்தப் பக்கம் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரே நடுக்கம், கட்டில் கால் தரையில் தடதடவென்று அடிக்கிறது. அது அவன்தான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரொட்டியைக் கருக்கிவிட்டேன். எல்லோரும் கருகலோடேயே தின்றார்கள்.

மே 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் வாலஸ் இந்தப் பக்கம் வந்து, "மதினி, ஒருத்தன் படுக்கையச் சுருட்டிட்டான். கிளம்புறானாம்" என்றான். பேர் சொல்லவில்லை. சொல்லாததிலேயே தெரிந்தது.

"புடிச்சு வெய்யேன்டா!"

"புடிச்சு வெக்க இது ஜெயிலா? நீங்கதானே சொன்னீங்க, பூட்டு கிடையாதுன்னு."

நான்தான் சொன்னேன். நாசமாய்ப் போக. உருளைக்கிழங்கை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோல் சீவினேன். அந்தப் பக்கம் பூட்ஸ் கயிறு கட்டுகிற சத்தம். என்ன செய்வேன்? அவனைப் பார்க்க முடியாது, கூப்பிட முடியாது, போகாதே என்று சொல்ல முடியாது. பெற்ற மகள் விதவையாகப் போகிறாள், நான் கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறேன்!

தகரத்தைப் பார்த்தேன். பேச ஆரம்பித்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "இந்தா தகரமே, கேட்டுக்கோ. என் மக அப்பன் மணல் ஆத்துல மரத்தடியில படுத்திருந்தாரு. மத்தியான வெயிலு. நான் பக்கத்துல உக்காந்து குடிச்சுகிட்டிருந்தேன். புகையிலை எங்க வெச்சேன்னு கேட்டேன். பதில் இல்ல. எனக்குக் கோவம். ஒரு மணி நேரம் அந்த மனுஷனத் திட்டினேன். அவரு அம்மாவத் திட்டினேன், அவரு தொப்பியத் திட்டினேன். நடுவுல மூஞ்சில ஈ மொய்க்குதுன்னு விசிறி விட்டேன், மறுபடியும் திட்டினேன். அவரு காலையிலயே போயிட்டாரு. காலையிலயே! செத்த மனுஷனோட சண்டை போட்டிருக்கேன் நான். புகையிலை என் பையிலதான் இருந்துச்சு."

அதற்கு மேல் வரவில்லை. அழுதேன். வெட்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதேன். முகம் எதுவும் எதிரில் இல்லாததால்தான் முடிந்தது. ஒரு கண் என்னைப் பார்த்திருந்தால் வாயே திறந்திருக்காது.

அந்தப் பக்கம் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். அப்புறம் தகரத்துக்குக் கீழே ஒரு குவளை டீ நகர்ந்து வந்தது. யார் வைத்தது? தெரியாது. கணுக்கால்காரனாக இருக்கலாம்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு குரல் கேட்டது. "மாமா, நான் ஒண்ணு சொல்லவா? உங்ககிட்டதான் சொல்றேன்." வாலஸிடம்தான் பேசினான். கொஞ்சம் சத்தமாகவே பேசினான். தினமும் காலையில் லினெட் அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறாளாம், மூச்சு இருக்கிறதா என்று. தூங்குகிற மாதிரிப் படுத்திருப்பானாம். அவள் கை எடுக்கும்வரை கண் திறக்க மாட்டானாம். வெட்கமாம். அந்த வெட்கம் போகக் குடிக்கிறானாம்.

எனக்கு இது தெரியாது. என் மகள் சொல்லவே இல்லை.

வாலஸ் சாயங்காலம் வந்தான். "மதினி, சுருட்டுன படுக்கைய ஒருத்தன் விரிச்சுட்டான். உங்ககிட்ட யாரும் சொல்லச் சொல்லல. நானாச் சொல்றேன்."

ஜூன் 6

இப்போதெல்லாம் தகரத்தின் இரண்டு பக்கமும் காலையும் மாலையும் பேச்சு. நிறுத்தவே முடியவில்லை. எனக்குச் சமையல் நடப்பதில்லை. கிணற்றில் முட்டியவன் இன்று தன் முதல் மனைவியைப் பற்றி ஆரம்பித்தான், சாதம் குழைந்தே போய்விட்டது.

ஜூலை 5, வியாழன்

பென்ரோஸ் வந்தார். வெளியே குளிர்காலத்து உறைபனி, நான் வியர்த்துக் கொட்டுகிறேன்.

தகரத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "இதென்ன, ஆளுங்களப் பிரிச்சு வெச்சிருக்கீங்க? கூட்டம்னா எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கணுமே. இத எடுத்துடுங்க."

வாலஸ் சொல்ல வாயெடுத்தான். டார்கஸ் முந்திக்கொண்டாள். "ஐயா, நீங்க அந்தப் பக்கம் போய் உக்காருங்க. யாரையும் பாக்காதீங்க. டீ வரும்."

போய் உட்கார்ந்தார். எல்லோரும் ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கால் மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. பேசுங்களேன் பாவிகளா, மற்ற நாளெல்லாம் வாய் மூட மாட்டீர்களே! அப்புறம் ஒரு தொண்டை கனைத்தது. பென்ரோஸ்.

சும்மா ஏதோ ஆரம்பித்தார். மனைவி பிரிந்து போய்விட்டாளாம். அதிலிருந்து தினமும் அவரும் கொஞ்சம் போடுகிறாராம், கொஞ்சம் என்றால் கொஞ்சம் இல்லையாம். பிறகு அவர் மாமியார் விஷயத்துக்கு வந்தார். இருபது நிமிடம்! ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள், ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறார்கள், முகத்துக்கு முகம் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஆண்கள் "அடப் பாவமே", "அடப் பாவமே" என்று உருகுகிறார்கள். இப்படியெல்லாமா மனுஷனை நடத்துவார்கள்!

கடைசியில், "எங்க வீட்லயும் ஒரு தகரம் இருந்திருக்கணும்" என்றார்.

போகும்போது படிவத்தில் என்னவோ எழுதினார். 'தகரத் தடுப்பு — தேவை' என்று எழுதியிருந்ததாக வாலஸ் எட்டிப் பார்த்துச் சொன்னான்.

ஆகஸ்ட் 10

கடிதம் வந்துவிட்டது. பண்ணை எங்களுக்குத்தான். டார்கஸ் கடிதத்தை முத்தமிட்டு முத்தமிட்டுக் கையெழுத்தை அழித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டார். எண்பத்தைந்து நாள். டொயோட்டா கிளம்பும்வரை நான் மாவு மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். அந்தப் பக்கம் அமைதியாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 30

அவரை மணல் ஆற்றுப் பக்கம் பார்த்ததாகக் கிளினிக்கில் ஒருத்தி சொன்னாள். கையில் பை இருந்ததாம். என்ன பை? அவளுக்குத் தெரியாதாம். தெரியாதவள் எதற்குச் சொல்கிறாள்?

செப்டம்பர் 3

லினெட் வரவில்லை. ஆள் அனுப்பினேன். "நல்லா இருக்கோம்னு சொல்லு" என்று பதில். அவள் அப்பா குடித்த காலத்தில் நானும் இதே பதிலைத்தான் சொல்லி அனுப்புவேன்.

போய்ப் பார்க்கலாமென்றால் அவர் வீட்டில் இருப்பார். வாலஸ் மாடு வாங்க வடக்கே போய்விட்டான். டார்கஸிடம் கேட்கச் சொல்லலாம், அவளுக்கும் அதே முறை. நாங்களாகக் கட்டிக் காக்கிற முறைதான், எனக்கு இன்று அதன்மேல் கோபம்.

செப்டம்பர் 8, சனி

பண்ணைக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போனேன். சனிக்கிழமைக் கூட்டம். டின் பழம் அடுக்கியிருக்கிற வரிசைக்குள் திரும்பினேன். மறுமுனையில் லினெட். பக்கத்தில் தள்ளுவண்டியோடு மாப்பிள்ளை.

என்னைப் பார்த்துவிட்டார். ஒரு கணம்தான். வண்டியை அப்படியே விட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாய்த் தீனி மூட்டைகளைத் தாண்டி ஒரே ஓட்டம்! வழியில் கடைக்காரர் ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு, சரக்கு இறக்குகிற பின்கதவு வழியாக, கையில் எடுத்த சோப்புக் கட்டியோடு வெளியே போய்விட்டார். கால் தடுமாறவில்லை. அம்பு மாதிரி ஓட்டம்.

நான் டின் பழங்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சிரிப்பும் வந்தது. கல்லாவில் இருக்கிற வெள்ளைக்காரப் பெண் ஓடிவந்து என் தோளைத் தொட்டாள்.

"அந்தாளு உங்கள ஏதாச்சும் பண்ணிட்டானாம்மா?"

"ஆமா தாயி" என்றேன். "மரியாதை பண்ணிட்டாரு."

லினெட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "கார் சாவி அவர்கிட்ட இருக்கும்மா! சோப்புக்குப் போலீஸ் வரும்! மூணு வாரமா வெளியிலயே வர மாட்டேன்னாரு. அங்க போனா அத்தை இருப்பாங்க, இங்க போனா அத்தை இருப்பாங்கன்னு. நானும் எங்கயும் வர முடியல. உன் கண்ணுல படாம ஆத்துப் பக்கமாச் சுத்திப் போய்த்தான் பையில விறகு பொறுக்கிட்டு வர்றாரு. இன்னிக்குத்தான் இழுத்துட்டு வந்தேன், இன்னிக்குன்னு பாத்து நீ வந்து நிக்கிற!"

சோப்புக்கு நான் காசு கொடுத்தேன். இரண்டு பேரும் ஆளுக்கு மூன்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வழி முழுக்க அவள் புருஷனைத் திட்டிக்கொண்டே வந்தாள். அவருடைய காலைத் திட்டினாள், தொப்பியைத் திட்டினாள், வீட்டுக்கு வரட்டும் என்றாள். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.